வாசலில் கட்டிய வேப்பிலை

உத்திரமேரூரில் முகம்மது கௌஸ் பாயின் அரிசி மில்லில் மிஷின் ஓட்ட ஓர் ஆள் இருந்தார், களத்துக்கு மேஸ்திரி என்று ஓர் ஆள் இருந்தார், மூட்டை எண்ண ஓர் ஆள் இருந்தார். ஆனால் அவித்துக் காயப்போட்ட நெல்லை எப்போது அரைக்கலாம் என்று சொல்ல ஒரே ஒரு வாய்தான் இருந்தது. அது சொக்கம்மாளின் வாய்.

களத்தில் வெயில் ஏறிய நெல்லுக்கு நடுவே அவள் நடந்துபோவாள். குனிந்து ஒரு மணியை எடுப்பாள். நகத்தால் உமியை நீக்கி, அரிசியைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பாள். நசுங்கினால் ஈரம் போகவில்லை. பொடிந்தால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது, மிஷினில் போட்டால் பாதி நொய்யாகிவிடும். 'டக்'கென்று இரண்டாக உடைய வேண்டும். அப்படி உடைந்தால் மட்டும் அவள், "போடலாம்" என்பாள். அந்தச் சொல் வரும்வரை கௌஸ் பாய் சுவிட்சில் கை வைக்கமாட்டார். மேஸ்திரி என்ற பட்டமும் அதற்கான கூலியும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த ஆணுக்குப் போயின. பல்லைக் கொடுத்தவளுக்குப் பட்டம் கிடையாது. அந்த மில்லில் மட்டுமா அப்படி? நாடே அப்படித்தான் நடந்தது.

காவாந்தண்டலத்தில் பிறந்து உத்திரமேரூருக்கு வாழ்க்கைப்பட்டவள் சொக்கம்மாள். கணவன் முத்துவேலுக்கு ஏரிப் பாசனத்தில் ஒரு காணி நிலம். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் மூன்றாவது ஆள் முத்துவேலின் அக்கா கோவிந்தம்மாள். இளம் வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அந்த வீட்டில் அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

எண்பதாம் ஆண்டுக் கடைசியில் சொக்கம்மாளின் இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. வலிக்காத ஒன்றை, அதுவும் அந்த இடத்தில் இருப்பதை, யாரிடம் போய்ச் சொல்வது? கோவிந்தம்மாளிடம் சொன்னாள். அவள் பச்சிலையை அரைத்துப் பற்றுப் போட்டாள். நான்கு மாதம் பற்றுப் போட்டதில் புளியங்கொட்டை எலுமிச்சம்பழம் ஆனது. பெண்ணின் மார்பை மானம் என்று மூடிவைக்கக் கற்றுக்கொடுத்தவர்கள், அதில் நோய் வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த நான்கு மாதம் கோவிந்தம்மாளின் குற்றமல்ல. ஊரின் குற்றம்.

மாசியில் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் மார்பை எடுத்தார்கள். அடுத்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி, மொத்தம் ஆறு முறை என்றார்கள். என்ன நோய் என்பதை அவளுக்கு மட்டும் சொல்லவேண்டாம், பயந்துவிடுவாள் என்று முத்துவேலும் அக்காவும் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்கள். திரைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தவளுக்கு எல்லாம் கேட்டது. எழுந்து உட்கார்ந்தாள்.

"ஒடம்பு என்னுது. சேதி மட்டும் அவங்களுக்கா?"

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். புற்று என்ற சொல்லை அவளிடமே சொன்னார். பிறகு மேரி என்ற நர்சை அழைத்து, மருந்து உடம்பில் என்னென்ன செய்யும் என்பதை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார்.

மேரி செங்கல்பட்டுக்காரி. பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. "இந்த மருந்துக்குக் கண்ணு இல்லம்மா" என்று ஆரம்பித்தாள். "எது வேகமா வளருதோ அதை அடிக்கும். புத்து வேகமா வளருது, அதனால அதை அடிக்கும். தலைமுடியும் வேகமா வளரும். வாய்க்குள்ள தோலு, குடல், ரத்தம் ஊறுற எடம், எல்லாம் அப்படித்தான். அதனால அதுங்களும் அடி வாங்கும். புத்து செத்துப்போவும். மத்ததெல்லாம் திரும்ப வரும்."

சொக்கம்மாள் சிறிது யோசித்தாள். களத்தில் புறாவை விரட்ட வீசிய கல் வீட்டுக் கோழியின் காலிலும் படுகிற மாதிரியா என்று கேட்டாள். அதேதான் என்றாள் மேரி.

அதன்பிறகு மேரி நாள் சொன்னாள். முதல் மூன்று நாள் வாந்தி. ஏழாம் நாள், எட்டாம் நாள் வாக்கில் வாய் புண்ணாகும். பத்திலிருந்து பதினாலு வரைக்கும் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் அணுக்கள் குறைந்துபோய்க் கிடக்கும்; அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே பஸ் ஏற வேண்டும், மறுநாள் என்று பார்க்கவே கூடாது. மூன்றாம் வாரத்தில் முடி கொட்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, நிறையக் குடி, உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளி, சளிபிடித்த ஆளைக் கிட்டே சேர்க்காதே.

எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு இத்தனையும் எப்படி நினைவிருக்கும்? சொக்கம்மாளுக்கு ஒரு வழி தெரியும். மில்லில் மூட்டை எண்ணுகிறவர் சுவரில் கரியால் கோடு போடுவார். நான்கு கோடு நிமிர்த்தி, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஐந்து மூட்டை. வீட்டுக்கு வந்ததும் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துச் சமையல்கட்டுச் சுவரில் அதேபோல இருபத்தொரு கோடு போட்டாள். எட்டாம் கோட்டின் தலையில் ஒரு வட்டம், அது வாய். பத்திலிருந்து பதினாலு வரைக்கும் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பெருக்கல் குறி, அது காய்ச்சல். கடைசிக் கோட்டின் மேல் நெளிநெளியாக ஒரு கீற்று, அது முடி. ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு கோட்டின் அடியில் புள்ளி வைப்பாள். கோவிந்தம்மாள் பக்கத்தில் நின்று, சுவரைப் பாழாக்குகிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஊசி அத்தனை மோசமில்லை. மூன்று நாள் வாந்தி எடுத்தாள். இருபது வருஷமாக மூச்சோடு கலந்திருந்த அவித்த நெல்லின் வாசனை நான்கு தெரு தள்ளி மில்லிலிருந்து காற்றில் வந்தாலே குமட்டியது. எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியை நக்கினாற்போல் இருந்தது. மூட்டை தூக்கியபோதும் அறியாத களைப்பு, குடத்தை இடுப்பில் வைத்ததும் வந்தது. வாயில் இரண்டு கொப்புளம் வந்து ஆறின. இருபதாம் புள்ளியன்று சீப்போடு முடி கொத்தாக வந்தபோது, அழுதது கோவிந்தம்மாள்தான். சொக்கம்மாள் சுவரைத் திரும்பிப் பார்த்து, ஒரு நாள் முந்திக்கொண்டது என்றாள்.

தெருவுக்கு இது என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை. வயிற்றில் கட்டி எடுத்தது என்று கோவிந்தம்மாள் சொல்லிவைத்திருந்தாள். வீட்டுக்குள்ளேயே அதற்குப் பெயர் 'அந்த வியாதி'தான். சொல்லாவிட்டாலும் தெருவுக்குத் தெரிந்தது. சொக்கம்மாள் போன வீட்டில் அவள் குடித்த டம்ளர் தனியாகக் கவிழ்த்துவைக்கப்பட்டது. ஒட்டாத நோயை ஒட்டும் என்று நம்புவதற்கு மட்டும் யாருக்கும் படிப்புத் தேவைப்படவில்லை.

இரண்டாவது ஊசி சித்திரையில் விழுந்தது. புதிதாக இருபத்தொரு கோடு சுவரில் ஏறியது. வெயில் கொளுத்திய மாதம். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது. எட்டாம் புள்ளி வைத்த காலையில் சொக்கம்மாளுக்கு வாயைத் திறக்க முடியவில்லை. நாக்கு, கன்னத்தின் உட்புறம், உதட்டு ஓரம் எல்லாம் வெந்து வெளுத்திருந்தன. கழுத்தில் சிவப்பாகச் சில தடிப்புகள். கை நகங்களிலும் ஊசி ஏறிய நரம்பின் வழியிலும் கறுப்பு ஓடியிருந்தது. பத்தாம் நாள் பொழுது விடியும்போதே உடம்பு அனலாகக் காய்ந்தது.

கோவிந்தம்மாள் நெற்றியைத் தொட்டாள். வாயைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். இரண்டடி பின்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். சிறிது நேரத்தில் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது.

வீட்டில் ஆத்தா வந்திருக்கிறாள் என்றால் சட்டம் வேறு. மருந்து கூடாது. தாளிக்கக் கூடாது. முத்துவேல் சவரம் செய்துகொள்ளக் கூடாது. வந்தவள் மனம் குளிர்ந்து இறங்கும்வரை யாரும் வாசலைத் தாண்டிப் பயணம் போகக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்ற நாள் பார்க்க வேண்டும். மாரியம்மன் கோயில் பூசாரி வேதகிரி வந்து எட்டி நின்று பார்த்துவிட்டு, கடுமையாகத்தான் வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரி ஊசி போட்டதில் கோபம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மையை இந்த உலகத்தைவிட்டே ஓர் ஊசி விரட்டி முடித்திருந்த காலம் அது. இந்தப் பயத்தை விரட்டத்தான் ஊசி இல்லை.

வேடிக்கை என்னவென்றால், டம்ளரைத் தனியாகக் கவிழ்த்த அதே பெண்கள் இப்போது வாசலுக்கு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். நோயாளியாக இருந்தவரை ஒதுக்கப்பட்டவள், சாமியானதும் கும்பிடப்பட்டாள். இரண்டிலும் அவளுக்கு ஒரு வாய்க் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் யாருமில்லை, கோவிந்தம்மாளைத் தவிர.

சொக்கம்மாள் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாள். குளிர் தூக்கிப்போட்டது. அந்தக் குழப்பத்திலும் அவள் கண் சமையல்கட்டுச் சுவரைத் தேடியது. பத்தாம் கோடு. அதன் தலையில் பெருக்கல் குறி. மறுநாள் என்று பார்க்கவே கூடாது என்று மேரி சொன்னது காதில் கேட்டது. இன்று போகாவிட்டால் போவதற்கு உயிர் இருக்காது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. காஞ்சிபுரத்துக்கு பஸ் பத்து மணிக்கு.

எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோவிந்தம்மாள் ஓடிவந்து மறித்தாள்.

"தாயி வூட்டுக்கு வந்துக்கீறா சொக்கி. வாசப்படி தாண்டாத. குடும்பமே அழிஞ்சிபூடும்."

முத்துவேல் மூலையில் நின்றான். அக்காவையும் பெண்டாட்டியையும் மாறிமாறிப் பார்த்தான். மழிக்காத தாடையைத் தடவிக்கொண்டான். அவனிடமிருந்து அதற்குமேல் எதுவும் வராது என்று சொக்கம்மாளுக்குத் தெரியும்.

பேச வாய் ஒத்துழைக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் புண்ணில் உப்பு வைத்தாற்போல் எரிந்தது. வீணாக்க ஒரு சொல்கூட அவளிடம் இல்லை. கையை நீட்டிச் சுவரைக் காட்டினாள்.

"அண்ணி. அந்த வட்டம் போட்டது யாரு?"

"நீதான்."

"எப்போ?"

கோவிந்தம்மாள் யோசித்தாள். "ஊசி போட்டுக்கினு வந்த அன்னிக்கி."

"வாய் வெந்தது எப்போ?"

"எட்டாம் நாளு."

"எட்டு நாளைக்கி முன்னாடியே ஆத்தா எனக்குக் கடுதாசி போட்டாளா, நான் இன்ன தேதிக்கி வரேன்னு?"

ஆண்டாண்டு காலமாகப் பகுத்தறிவு மேடை போட்டு முழங்கியும் புரியவைக்க முடியாததை, வெந்த வாயோடு ஒருத்தி ஒரே வரியில் சொல்லிவிட்டாள். எது வரும், எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி வந்தால் அது அறிவு. வந்தபிறகு காரணம் கண்டுபிடித்தால் அது பூசாரித்தனம். கரிக்கோடு போட்ட ஒரு சுவரில் அந்த வித்தியாசம் முழுவதும் இருந்தது.

ஆனால் கோவிந்தம்மாள் அத்தனை லேசில் விடுகிற ஆளில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றவள், மெதுவாகப் பிடி கிடைத்தவளைப்போலத் தலையாட்டினாள்.

"அவ எல்லாம் தெரிஞ்சவடி. அந்த நர்ஸு வாயில பூந்து சொல்லிக்கீறா."

சொக்கம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் உதடு பிளக்கும் என்பதால் அடக்கிக்கொண்டாள். வாதாட நேரமில்லை, பஸ்ஸுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அண்ணி பிடித்த கயிற்றையே பிடித்து இழுத்தாள்.

"சரி அண்ணி. அந்த வாயே இன்னொண்ணும் சொல்லிச்சி. காய்ச்ச வந்தா அன்னிக்கே வான்னு. வட்டத்தை நம்புவே, பெருக்கலை நம்பமாட்டியா?"

கோவிந்தம்மாள் வட்டத்தைப் பார்த்தாள். பெருக்கல் குறியைப் பார்த்தாள். எழுத்தறியாத அவளும் படிக்கக்கூடிய எழுத்து அது. பிறகு விடுவிடுவென்று வாசலுக்குப் போய் நிலையிலிருந்த வேப்பிலைக் கொத்தைத் தன் கையாலேயே அவிழ்த்தாள். அதை வீசவில்லை, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இன்னாடா பாத்துக்கினு நிக்கிற? போயி பஸ்ஸ நிறுத்து" என்று தம்பியை அதட்டினாள். முத்துவேலுக்கு உயிர் வந்தது. ஓடினான்.

பஸ் நிலையத்தில் இன்னொரு வாசற்படி காத்திருந்தது. கண்டக்டர் சொக்கம்மாளின் உதட்டையும் கழுத்தையும் பார்த்தார். கோவிந்தம்மாளின் இடுப்பில் வேப்பிலையைப் பார்த்தார். படியில் குறுக்கே கையை நீட்டினார். அம்மை போட்ட ஆளை ஏற்றமுடியாது, வண்டி நிறைய ஜனம் இருக்கிறது என்றார். வண்டிக்குள்ளிருந்தும் அதேபோலக் குரல்கள் எழுந்தன.

சொக்கம்மாள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

அப்போது கோவிந்தம்மாள் இடுப்பிலிருந்த வேப்பிலையை உருவி பஸ் சக்கரத்தின் அடியில் போட்டாள். இரண்டு மாதமாக வீட்டுக்குள்ளேயே வாயில் எடுக்காத சொல்லை, டீக்கடைக்கும் நெல் மண்டிக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னாள்.

"அம்ம இல்லய்யா. புத்து. எங்க சொக்கிக்கி மார்ல புத்து. அதுக்கு ஊசி போட்டுக்கினு கீறா. ஊசி வேல செய்யுது, அதான் வாய் வெந்துகீது. உனக்கு ஒட்டாது. கையை எடு."

நிலையம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கண்டக்டரின் கை கீழே இறங்கியது. முன் சீட்டில் இருந்த நான்கு பேர் எழுந்து பின்னால் போய்விட்டார்கள். ஒட்டாது என்று சொன்னதை அவர்கள் நம்பியதாகத் தெரியவில்லை. "நல்லதாப் போச்சி, காலை நீட்டிப் படு" என்று சொக்கம்மாளைச் சீட்டில் சாய்த்துத் தலையை மடியில் வைத்துக்கொண்டாள் கோவிந்தம்மாள். காஞ்சிபுரம் வரும்வரை அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டாளோ, கண்டக்டரைத் திட்டினாளோ, தெரியாது. முணுமுணுத்தது யாரை நோக்கியோ, கை சொக்கியின் தலையை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்த டாக்டர் உடனே பாட்டிலைத் தொங்கவிடச் சொன்னார். ஒன்பது நாள் காய்ச்சலுக்கான மருந்து ஏறியது. மூன்றாம் நாள்தான் காய்ச்சல் இறங்கியது. சேர்த்த அன்று, எந்த நாளில் காய்ச்சல் தொடங்கியது என்று மேரி கேட்டபோது, இன்றைக்குக் காலையில்தான் என்று முத்துவேல் சொன்னதைக் கேட்டு அவள் சொக்கம்மாளின் தோளைத் தட்டினாள். இந்த நிலைமையில் ஒரு நாள் பொறுத்து வந்தவர்களைத் தான் பார்த்திருப்பதாக மட்டும் சொன்னாள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

மீதி நான்கு ஊசியும் போட்டாயிற்று. அளவைச் சற்றுக் குறைத்துக் கொடுத்தார்கள். வாய் புண்ணானாலும் அந்த அளவுக்கு இல்லை. நான்காவது ஊசியோடு மாதவிலக்கு நின்றது. இதுவும் மருந்தின் வேலைதான் என்று மேரி முன்பே சொல்லியிருந்தாள். மூன்று நாள் கொல்லைப்புறத்தில் தனித்தட்டோடு உட்காருவது மிச்சம் என்றாள் சொக்கம்மாள். கோவிந்தம்மாள் அதைக் கேட்டு முதலில் முறைத்தாள், பிறகு சிரித்தாள்.

மொட்டைத் தலையைச் சொக்கம்மாள் மூடவில்லை. களத்து வெயிலுக்கு ஒரு துண்டைக் கட்டிக்கொள்வாள், நிழலுக்கு வந்ததும் அவிழ்த்துவிடுவாள். எந்தச் சாமிக்கு முடி கொடுத்தாய் என்று கேட்டவர்களிடம், ஊசிக்கு என்றாள்.

ஆமாம், களத்துக்கு அவள் போய்க்கொண்டுதான் இருந்தாள். மூட்டை தூக்க முடியவில்லை. நான்கு நடை நடந்தால் மூச்சு வாங்கியது. கடிக்கவும் முடியாது, அந்த வாயில் அரிசிமணி கண்ணாடித்துண்டு மாதிரி குத்தும். மேஸ்திரி, இனி பதத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கௌஸ் பாயிடம் சொல்லிப்பார்த்தார். இரண்டு நடை நெல் அரைத்ததில் ஒன்று நொய்யாக வந்தது. மூன்றாவது நடைக்குச் சொக்கம்மாள் கோவிந்தம்மாளைக் கையோடு அழைத்துவந்தாள். கோவிந்தம்மாள் மணியைக் கடித்தாள். சொக்கம்மாள் அவள் கன்னத்தருகே காதை வைத்துச் சத்தத்தைக் கேட்டாள். பல் இரவல், பதம் தன்னுடையது. அன்றைக்கு அரிசி முழுசாக வந்தது. ஆறு மாதம் அப்படியே ஓடியது. ஊரில் சிலர் சிரித்தார்கள். கௌஸ் பாய் சிரிக்கவில்லை. அவருக்கு அரிசி தெரியும்.

ஆறாவது ஊசி முடிந்து பொங்கலும் கழிந்து, அறுவடை நெல் களத்தில் விழுந்த ஒரு நாள். தலையில் அரை விரல் உயரத்துக்கு முடி வந்திருந்தது. முன்பு நேராக இருந்தது, இப்போது சுருட்டையாக வந்தது. நகத்தின் கறுப்பு நுனிக்குத் தள்ளப்பட்டு வெட்டப்பட்டுவிட்டது. களத்தில் அவித்த நெல்லின் வாசனை எழுந்தபோது குமட்டவில்லை, பசித்தது. கோவிந்தம்மாள் வழக்கம்போல ஒரு மணியை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். சொக்கம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க குடு அண்ணி."

தானே உமியை நீக்கினாள். கடைவாயில் வைத்தாள். மிஷின்காரர், மேஸ்திரி, சுவிட்சருகே கௌஸ் பாய், நெல்லைத் துழாவுவதை நிறுத்திவிட்ட பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காத்திருந்த லாரிக்காரன் பேஜாராகி ஹாரனை அடித்தான். மேஸ்திரி, சரியாகத்தான் இருக்கும் போடலாம் பாய் என்று அவசரப்பட்டார்.

சொக்கம்மாள் கடித்தாள். நிதானமாக மென்றாள். ஒரு வருஷமாக வாயில் இருந்த துருவின் ருசி போய், அரிசி அரிசியாக இருந்தது. இன்னும் ஒரு மணியை எடுத்துக் கடித்துப்பார்த்தாள்.

"இன்னும் ஒரு மணி நேரம் வெயில் ஓணும் பாய்" என்றாள்.

கௌஸ் பாய் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, லாரிக்காரனை டீ குடிக்கப் போகச் சொன்னார்.